பழைய சரக்கு மோட்டாரில் இழுவை குறைதல்: காரணம் அறியும் முறை

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு ஆகிய வட்டாரங்களிலுள்ள கரிசல் நில விவசாயிகளுக்கு முன்னாளில் வண்டிமாடுகள் செய்துவந்த வேலையில் பெரும்பகுதியை இந்நாளில் சிறிய சரக்கு மோட்டார்களே செய்துவருகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த உளுந்து, பாசிப்பயறு, கம்பு, மக்காச்சோளம் முதலியன தை மாதத்தையொட்டிக் களத்துக்கு வந்து சேர்கின்றன. பருத்தியும் மிளகாய் வற்றலும் அதன் பின்னரும் சில மாதம் தொடர்கின்றன. இவற்றையெல்லாம் கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர் மண்டிகளுக்கு விலை இறங்குமுன் கொண்டு சேர்க்க வேண்டிய வாரங்களில் மோட்டார் ஓடாமல் நின்றால், அந்த நஷ்டம் ரிப்பேர்ச் செலவோடு முடிவதில்லை என்பது யாவரும் அறிந்ததே.

மோட்டார் ஒரேயடியாக நின்றுவிடுவதைவிட, ஓடிக்கொண்டே இழுவை குறைந்துவருவதுதான் விவசாயிக்கு அதிகக் குழப்பத்தைத் தருவது. சென்ற ஆண்டு நான்காவது கியரில் ஏறிய பாலத்தை இவ்வாண்டு இரண்டாவது கியரில் ஏறவேண்டியிருக்கிறது. டீசலும் கூடுதலாகச் செலவாகிறது. பட்டறைக்குப் போனால், "இஞ்சின் வேலை வந்துவிட்டது, இறக்கிப் பார்க்க வேண்டும்" என்ற பதில் கிடைக்கிறது. இஞ்சினை இறக்கிப் பிரித்துப் போர் அடித்து, பிஸ்டனும் ரிங்கும் புதிதாகப் போட ஆகும் செலவு, மானாவாரி விவசாயி ஒருவருக்கு ஒரு போகத்தின் இலாபத்தையே விழுங்கிவிடக்கூடியது. அவ்வளவும் செலவழித்த பின்னரும் மோட்டார் முன்போலவே இழுக்காமற் போவதுண்டு. ஏனெனில் குறை இஞ்சினுக்குள் இருந்திராது. அடைபட்ட ஒரு வடிகட்டியோ, பிடித்துக்கொண்ட ஒரு பிரேக்கோ, கீறிய ஒரு ரப்பர்க் குழாயோ காரணமாக இருந்திருக்கும்.

பயிர் மஞ்சளித்துக் கண்டால் நீர் தேங்கியதா, சத்துக் குறைவா, பூச்சியா, நோயா என்று அறியாமல் மருந்து வாங்குதல் தகாது. 1901-ஆம் ஆண்டில் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை கரிசல் நில விவசாயத்துக்குக் கற்பித்துவந்ததும் இதுவேயாகும்: காரணத்தை முதலில் காண்க, பரிகாரத்தைப் பின்னர் தேடுக. மோட்டாருக்கும் இவ்விதி பொருந்தும். செலவற்ற சோதனை முதலிலும், சிறுசெலவுச் சோதனை அடுத்தும், இஞ்சினைப் பிரிப்பது கடைசியிலும் வரவேண்டும். அவ்வரிசை கீழே விவரிக்கப்படுகிறது. இது பெரும்பாலும் கணினிக் கட்டுப்பாடு இல்லாத பழைய டீசல் மோட்டார்களைக் குறித்ததாகும்.

இஞ்சினுக்கு வேண்டுவன

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய இஞ்சினின் தத்துவம் இன்றும் மாறவில்லை. காற்றை இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருங்கும்படி அழுத்தினால் அது 500 பாகை சென்டிகிரேடுக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலை நுண்துளியாகப் பீச்சினால் அது தானே பற்றி எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பெட்ரோல் இஞ்சினைப்போல் தீப்பொறி தரும் பிளக் இதற்கு இல்லை.

ஆகவே இழுவைக்கு வேண்டுவன நான்கு. முதலாவது, போதிய காற்று. இரண்டாவது, சரியான அளவில் சரியான நேரத்தில் பீச்சப்படும் டீசல். மூன்றாவது, காற்றைக் கசியவிடாத அழுத்தம். நான்காவது, எரிந்த புகை தடையின்றி வெளியேறும் வழி. இந்நான்கும் சரியாயிருந்தும் மோட்டார் இழுக்கவில்லையெனில், இஞ்சினில் உண்டாகும் சக்தி சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை, அல்லது சக்கரத்தை ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

ஒரு கிலோ டீசல் முழுதும் எரிய ஏறக்குறைய பதினாலரைக் கிலோ காற்று தேவை. ஒரு லிட்டர் டீசலுக்குக் கணக்கிட்டால் சுமார் 10,000 லிட்டர் காற்றாகும். டீசல் இஞ்சின் இதற்கும் அதிகமான காற்றையே உள்ளிழுக்கிறது. பத்து லிட்டர் டீசல் செலவழித்து மண்டிக்குப் போய்வரும் மோட்டார், ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் காற்றை வடிகட்டி வழியாக இழுத்துவிடுகிறது. அந்தக் காற்றிலுள்ள புழுதி எங்கே போய்ச் சேர்கிறது என்பதே கரிசல் நாட்டில் முதற் கேள்வியாயிருக்க வேண்டும்.

முதலில் விசாரணை

வைத்தியர் கை நாடி பார்க்குமுன் நோயின் வரலாற்றைக் கேட்கிறார். மோட்டாரின் சொந்தக்காரரும் பட்டறைக்குப் போகுமுன் சில கேள்விகளுக்கு விடை எழுதிவைத்துக்கொள்ளுதல் நலம். இழுவை திடீரென்று குறைந்ததா, சில மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைந்ததா? குளிர்ந்திருக்கும்போதா, சூடேறிய பின்னா? பாரம் ஏற்றினால் மட்டுமா, வெறும் வண்டியிலுமா? புகை வருகிறதா, அது என்ன நிறம்? கடைசியாக எங்கே டீசல் போடப்பட்டது? கடைசியாக எந்த ரிப்பேர் நடந்தது?

திடீரென்று குறைந்தால் அறுந்தது, கழன்றது, அடைத்தது, நீர் கலந்தது என்ற வகையிலே காரணம் தேடவேண்டும். மாதக்கணக்கில் குறைந்தால் தூசு படிதல், தேய்தல் என்ற வகையிலே தேடவேண்டும். ரிப்பேர் முடிந்த மறுநாளே குறைந்தால், அந்த ரிப்பேர் நடந்த இடத்தையே திரும்பப் பார்க்கவேண்டும்.

கோடைக் காலத்துக் கணக்கு ஒன்றையும் இங்கே நினைவில் வைக்கவேண்டும். வெப்பம் 25 பாகையிலிருந்து 40 பாகைக்கு ஏறினால், அதே இடத்தில் அடங்கும் காற்றின் எடை நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் குறைந்துவிடும். பங்குனி, சித்திரை நடுப்பகலில் மோட்டார் சற்றுச் சோர்ந்து காண்பது இயற்கையே. அதிகாலையிலும் அதே சோர்வு இருந்தால்தான் அது பழுது.

குறை இஞ்சினில்தானா?

அடுத்து, செலவற்ற ஐந்து சோதனைகளை விவசாயியே செய்துகொள்ளலாம்.

ஒன்று, பாரம். ஆர்.சி. புத்தகத்தில் கண்ட மொத்த எடையையும், எடைமேடையில் காணும் எடையையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மக்கள் 'குட்டியானை' என்று அழைக்கும் டாட்டா ஏஸ் 2005-ஆம் ஆண்டில் வெளிவந்தபோது ஏறக்குறைய முக்கால் டன் பாரத்துக்கென்றே அமைக்கப்பட்டது. அதில் ஒன்றரை டன் ஏற்றிவிட்டு இஞ்சினைக் குறைகூறுதல் நியாயமன்று. அதிக பாரத்துக்கு, 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாய் அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் விதிக்கிறது என்பதையும் கவனிக்கவேண்டும்.

இரண்டு, டயர். காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு சாலையில் அமுங்கி, இஞ்சினின் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது.

மூன்று, பிரேக். சமதரையில் கியரை நீக்கிவைத்து, கைப்பிரேக்கை விடுவித்து, இரண்டு ஆட்கள் தள்ளினால் வெறும் வண்டி நகரவேண்டும். பிறகு பிரேக்கை அதிகம் மிதியாமல் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பாகத்துக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். தொடவேண்டியதில்லை. ஒரு சக்கரம் மட்டும் அனல் வீசினால் அதன் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் பிரேக் டிரம்மில் புகுந்த கரிசல் சேறு காய்ந்து இறுகுவதால் இக்குறை இப்பகுதியில் அரிதன்று. இது இழுவையை மட்டுமன்றி உயிரையும் பற்றிய குறையாதலால் உடனே சரிசெய்யப்படவேண்டும்.

நான்கு, கிளட்ச். மேட்டில் ஏறும்போது இஞ்சினின் சத்தம் உயர்ந்தும் வேகம் உயராவிட்டால், கருகிய வாடையும் வந்தால், கிளட்ச் வழுக்குகிறது. இதை உறுதிசெய்ய, முன்னும் பின்னும் ஆளில்லாத சமதரையில் கைப்பிரேக்கை இறுக இழுத்து, மேல் கியரில் போட்டு, கிளட்சை மெள்ள விடவேண்டும். இஞ்சின் அணைந்தால் கிளட்ச் நல்லது. அணையாமல் ஓடிக்கொண்டேயிருந்தால் அது தேய்ந்தது. இச்சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்யலாகாது. செய்தால் நல்ல கிளட்சும் கெடும்.

ஐந்து, ஆக்சிலேட்டர். ஒருவர் மிதியை முழுதும் அழுத்த, மற்றொருவர் பானெட்டைத் திறந்து, பம்பின் மேலுள்ள கை அதன் கடைசி எல்லைவரை போகிறதா என்று நோக்கவேண்டும். கேபிள் நீண்டிருந்தாலோ, மிதியின் கீழே மடிந்த பாய் கிடந்தாலோ பம்ப் முழுதும் திறக்காது. இவ்வளவு சிறிய காரணத்துக்காக இஞ்சினைப் பிரிப்பது பெரும் விபரீதமன்றோ?

கரிசல் புழுதியும் காற்று வடிகட்டியும்

மேற்கூறியவை யாவும் சரியாயிருந்தால் இனி இஞ்சினுக்குச் செல்லும் காற்றைக் கவனிக்கவேண்டும். கரிசல் மண்ணில் ஏறக்குறையப் பாதி மிக நுண்ணிய களி. களித்துகள் என்பது ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கிய ஒரு கூற்றினும் சிறியது. மழைக்காலத்தில் சக்கரத்தில் ஒட்டி உருளும் அதே மண், கோடையில் வெடித்து, டிராக்டரும் லாரியும் அரைத்த வண்டித்தடத்தில் மாவாகிறது. அதில் கலந்திருக்கும் நுண்மணல் இரும்பை அராவும் தன்மையது. முன்னே போகும் வண்டியின் புழுதிக்குள்ளேயே பின்தொடர்ந்து ஓட்டும் மோட்டாரின் ஏர் பில்டர், தார்ச்சாலையில் மட்டும் ஓடும் மோட்டாரின் பில்டரைவிடப் பன்மடங்கு விரைவில் அடைபடும். புத்தகத்தில் குறித்த கிலோமீட்டர் கணக்கை நம்பி இங்கே இருத்தல் கூடாது.

பில்டரைக் கழற்றி, உட்புறம் ஒரு கைவிளக்கை வைத்து வெளிப்புறத்திலிருந்து நோக்கவேண்டும். வெளிச்சம் எங்கும் ஒரே சீராகத் தெரிந்தால் நல்லது. தெரியாத இடம் அடைபட்டது. பளிச்சென்று ஊசிமுனைபோல் தெரிந்தால் காகிதம் கிழிந்தது. அதை உடனே எறிந்துவிட வேண்டும். காகிதப் பில்டரை நீரில் கழுவுதலும், டீசலில் நனைத்தலும், கல்லில் ஓங்கி அடித்தலும் தகா. மெதுவான காற்றை உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக ஊதலாம். வெளியிலிருந்து ஊதினால் புழுதி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் புதையும். ஊதியும் சந்தேகம் தீராவிட்டால் புதிய பில்டர் ஒன்றைப் போட்டு, அதே பாரத்தோடு அதே மேட்டில் ஏற்றிப் பார்ப்பதே நிச்சயமான பரீட்சை.

பில்டரை அறவே கழற்றி வைத்துவிட்டு ஓட்டினால் மோட்டார் நன்றாக இழுக்கிறது என்று சிலர் அப்படியே ஓட்டிவருகின்றனர். இதைப்போன்ற கேடு வேறில்லை. வடிகட்டப்படாத புழுதி சிலிண்டரின் சுவரையும் ரிங்குகளையும் அராவி, அழுத்தத்தை ஒழித்துவிடும். புதிய பில்டரின் விலையை மிச்சம்பிடித்தவர், சிலகாலத்தில் இஞ்சின் வேலை முழுவதற்கும் பணம் தரவேண்டியவராவார். பில்டரின் ரப்பர் வளையம், மூடியின் கொக்கி, பில்டருக்கும் இஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாய் ஆகியவற்றில் சிறு வெடிப்பு இருந்தாலும் பலன் அதுவே. குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கலாம். துணியில் புழுதி ஒட்டினால் வடிகட்டாத காற்று எங்கோ உட்புகுகிறது.

டீசல் வரும் வழி

தொட்டியிலிருந்து நாசில் வரையிலும் டீசல் வரும் வழியில் எங்கே தடையிருந்தாலும் இழுவை குறையும். மெதுவாக ஓடும்போது குறை தெரியாது. பாரத்தோடு வேகமெடுக்கும்போது இஞ்சின் திணறிச் சோர்ந்துவிடும். புகையும் அதிகமிராது.

முதலில் தொட்டியின் மூடியைத் திறக்கவேண்டும். திறந்தவுடன் 'உஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்தால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டினால் இழுவை திரும்புமாயின் காரணம் அதுவே. இரண்டாவதாக, நீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். நீர் இருந்தால் டீசலுக்கு அடியில் தனியாகத் தங்கும். அறுவடைக் காலத்தில் பீப்பாயில் வாங்கிச் சேமிக்கும் டீசலில் நீரும் துருவும் சேர்வது சாதாரணம். அதை ஒருநாள் அசையாமல் வைத்து, மேலாக எடுத்து, வடிகட்டி ஊற்றவேண்டும். அடியில் எஞ்சியதை மோட்டாரில் ஊற்றலாகாது. மூன்றாவதாக, டீசல் பில்டரை மாற்றவேண்டும். இதைக் கழுவிப் போடுவதால் பிரயோஜனமில்லை.

நான்காவதாக, தொட்டிக்கும் பம்புக்கும் இடையிலுள்ள குழாயில் காற்றுப் புகுகிறதா என்று காணவேண்டும். இப்பகுதியில் டீசல் உறிஞ்சப்படுகிறதாதலால், வெடித்த குழாயிலிருந்து டீசல் வெளியே சிந்தாமலே காற்று உள்ளே புகக்கூடும். சிறிது தூரத்துக்குக் கண்ணாடிபோன்ற தெளிந்த குழாயைத் தற்காலிகமாகப் பொருத்தினால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியும். பில்டர் மாற்றியபின் கைப்பம்பை அடித்துக் காற்றை முழுதும் வெளியேற்றாவிட்டாலும் இதே குறை தோன்றும்.

மண்ணெண்ணெய் கலந்த டீசல் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குதல் கூடாது. பம்பும் நாசிலும் டீசலின் வழவழப்பையே தமக்கு மசகாகக் கொண்டவை. அது குறைந்தால் அவை விரைவில் தேய்ந்துபோகும்.

புகை கூறும் செய்தி

புகையின் நிறத்தைக் கவனிக்கக் கற்ற விவசாயி பாதி மெக்கானிக் ஆகிவிடுகிறார். பாரத்தோடு மேடேறும்போது பின்னால் ஒருவரை நிற்கச்செய்து நிறத்தைக் கவனிக்கச் சொல்லவேண்டும்.

இழுவை குறைந்து கரும்புகை வந்தால், டீசலுக்கேற்ற காற்று இல்லை. ஏர் பில்டர், டர்போக் குழாய், திறந்தபடி நின்றுவிட்ட இ.ஜி.ஆர். வால்வு, கெட்ட நாசில் ஆகியவற்றை இவ்வரிசையில் பார்க்கவேண்டும். மேல் கியரிலேயே இஞ்சினை முக்கவைத்து ஓட்டுதலும் கரும்புகையைத் தரும். இழுவை குறைந்தும் புகையே இல்லையெனில், காற்றுக்கேற்ற டீசல் இல்லை. டீசல் வரும் வழியைப் பார்க்கவேண்டும். இவ்விரண்டையும் மட்டும் நினைவில் வைத்தாலே தேடவேண்டிய இடம் பாதியாகச் சுருங்கும்.

குளிர்ந்த இஞ்சினைக் கிளப்பும்போது சிறிது நேரம் வெண்புகை வருவது குற்றமன்று. சூடேறிய பின்னும் டீசல் வாடையோடு வந்தால் நாசில் சரியாகப் பீச்சவில்லை, பம்பின் நேரம் தவறியிருக்கிறது, அல்லது அழுத்தம் குறைந்திருக்கிறது. ரேடியேட்டர் நீரும் குறைந்துவந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கக்கூடும். நீலப்புகை இஞ்சின் ஆயில் எரிவதைக் குறிக்கும். அதைக் கண்டவுடன் ரிங் தேய்ந்ததென்று முடிவுகட்டவும் கூடாது. ஆயில் அளவுக்கு மிஞ்சி ஊற்றப்பட்டிருக்கலாம். டர்போவின் உள்ளேயோ வால்வுத் தண்டின் வழியிலோ ஆயில் கசியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். "இழுவை இல்லையா? பம்ப் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகிவிடுகிறேன்" என்று சிலர் டீசலின் அளவைக் கூட்டிக் கொடுக்கின்றனர். அன்றைக்கு மோட்டார் துள்ளி இழுக்கும், விவசாயியும் மகிழ்வார். ஆனால் அடைபட்ட காற்றுக்கு மேல் டீசலைக் கூட்டுவதனால் கரும்புகையும் சூடும் பெருகி, பிஸ்டன் உருகவும் ஹெட் வெடிக்கவும் இடமுண்டாகும். சோர்ந்த மாட்டுக்குத் தீனி வையாமல் தார்க்குச்சியால் குத்துவது போன்றது இது.

டர்போவும் சைலன்சரும்

டர்போ உள்ள மோட்டார்களில், காற்றை அழுத்தி அனுப்பும் ரப்பர்க் குழாய் வெடித்தாலும் கிளிப் தளர்ந்தாலும் இழுவை திடீரெனப் பாதியாகக் குறைந்து கரும்புகை வரும். 'உஸ்' என்ற சத்தமும் கேட்கலாம். குழாயின் அடிப்புறத்தில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். ஆகையால் இஞ்சின் ஆறிய பின் அதைக் கையால் வளைத்துப் பார்க்கவேண்டும். டர்போவே கெட்டதென்று வேறொன்று வாங்குமுன் இக்குழாய்களைப் பார்த்தாகவேண்டும்.

புகை வெளியேறும் வழியும் அடைபடலாம். களத்தில் வரப்பின்மேல் பின்னோக்கி மோதி நசுங்கிய சைலன்சர், வாயில் சேறு புகுந்து காய்ந்த குழாய், பல ஆண்டுக் கரி படிந்த உட்புறம் ஆகியவை இஞ்சினைத் திணறச்செய்யும். நசுங்கலும் சேறும் வெளியே தெரிவன. இவற்றைப் பார்க்கச் செலவேயில்லை.

சூடேறினால் குறையும் இழுவை

காலையில் நன்றாக இழுத்து, அரைமணி ஓடியபின் சோர்ந்தால், வெப்பமானியின் முள்ளை நோக்கவேண்டும். ரேடியேட்டரின் இடுக்குகளில் பருத்திப் பஞ்சும், கம்பு, சோளப் பதரும், புழுதியும் அப்பிக்கொள்வதால் இப்பகுதியில் இஞ்சின் எளிதில் கொதிக்கிறது. உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக மெதுவாக நீர் பாய்ச்சி அவற்றைக் கழுவலாம். பான் பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்க்கவேண்டும். சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்கலாகாது. கொதிநீர் முகத்தில் பாய்ந்து கண்ணைக் கெடுத்துவிடும்.

பட்டறையின் வேலை

இதுவரை கூறியவற்றில் குறை அகப்படாவிட்டால் நல்ல மெக்கானிக்கிடம் போகவேண்டும். அங்கும் வரிசை உண்டு. முதலில் டாப்பெட் இடைவெளி. அடுத்து நாசில்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் பீச்சிப் பார்த்தல். பிறகு பம்பின் நேரமும் அளவும். நாசில் பனிபோல் தூவவேண்டும். கோடாகப் பாய்ந்தாலும் சொட்டினாலும் அது பழுது. நாசில் பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உடம்பில் புகும் வேகமுடையது. அதன் முன்னே கையை நீட்டலாகாது. அவ்வாறு பட்டால் காயம் சிறிதாகத் தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

அழுத்தத்தின் சோதனை கடைசியில் வருவது. ஓடும் இஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் இலேசான ஆவி வருவது இயல்பு. பொங்கிப் பொங்கிப் புகை தள்ளினால், முதலில் ஆவி வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று காணவேண்டும். அது அடைபட்டாலும் இவ்வாறே தள்ளும். குழாய் சரியாயிருந்தும் தள்ளினால், அழுத்தமானியை ஒவ்வொரு சிலிண்டரிலும் பொருத்தி, கண்ட எண்களை எழுதிவாங்கவேண்டும். அவ்வெண்கள் மோட்டாரைச் செய்தவர் குறித்த அளவுக்குக் கீழே இருந்தாலோ, ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட மிகத் தாழ்ந்திருந்தாலோ, அப்போதுதான் இஞ்சினைப் பிரிப்பது நியாயமாகும். எண் காட்டப்படாமல் இஞ்சினைப் பிரிக்கச் சம்மதம் தரக்கூடாது. மண்ணைப் பரீட்சிக்காமல் உரம் வாங்காத விவசாயி, அழுத்தம் அளக்காமல் பிஸ்டன் வாங்குவானேன்?

பிற்காலத்து மோட்டார்களில் டீசலின் அளவைக் கணினியே நிர்ணயிக்கிறது. அவற்றில் இஞ்சின் விளக்கு எரிந்தால், கருவியை இணைத்துக் குறையின் எண்ணைப் படிக்கவேண்டும். எண் காட்டும் பாகத்தை உடனே மாற்றிவிடாமல், அதன் கம்பியும் இணைப்பும் சரியா என்று பார்ப்பது அவசியம். அவற்றில் டீசல் குழாயை ஓடும்போது தளர்த்துவது உயிருக்கே ஆபத்தானது.

காலத்தே செய்யும் கவனிப்பு

ஆவணியில் உழவுக்கு ஆயத்தமாகும்போதும், மார்கழி இறுதியில் அறுவடைக்கு முன்னும், ஏர் பில்டர், டீசல் பில்டர், நீர்க் கிண்ணம், பிரேக், ரேடியேட்டர் ஆகிய ஐந்தையும் பார்த்துவிடுவது நல்வழக்கம். எட்டு ஆண்டு கடந்த சரக்கு மோட்டார்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டியிருத்தலால், அந்தச் சமயத்தையும் இதற்கு உபயோகித்துக்கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், ஓடிய கிலோமீட்டர், போட்ட டீசல், மாற்றிய பாகம் ஆகியவற்றைக் குறித்துவந்தால், லிட்டருக்கு ஓடும் தூரம் குறைய ஆரம்பிக்கும்போதே குறை வெளிப்பட்டுவிடும். இழுவை கெடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கிராம அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதில் உதவக்கூடும். களத்துக்குச் செல்லும் வண்டித்தடங்களில் அறுவடை மாதங்களில் சரளை பரப்புதல், மோட்டார்கள் ஒன்றன் புழுதிக்குள் மற்றொன்று போகாமல் இடைவிட்டுச் செல்லும்படி அறிவுறுத்தல், கிராமத்து மோட்டார்களுக்கெல்லாம் அறுவடைக்கு முன் ஒரு மெக்கானிக்கை வரவழைத்து ஒரே நாளில் பார்க்கச்செய்தல் ஆகியவை அதிகச் செலவின்றி ஆகக்கூடியன.

மானாவாரி விவசாயிக்கு மழை அவர் கையில் இல்லை. விலையும் அவர் கையில் இல்லை. மோட்டாரின் பில்டரும், பிரேக்கும், நோட்டுப் புத்தகமும் அவர் கையிலேயே இருக்கின்றன. மோட்டார் இழுக்கவில்லையெனில், இஞ்சினின் வெளியே தொடங்கி, படிப்படியாக உள்ளே சென்று, ஒவ்வொரு படியிலும் காரணத்தைக் கண்ணால் கண்டபின்னரே பணத்தை எடுத்தல் வேண்டும். அவ்வாறு செய்வோர், ஒரு போகத்தின் பலனைப் பட்டறையில் இழக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பார்கள்.